வாசகர் கேள்வி பதில்: குளிரை ஆத்துல விடுற ஊரு

கேள்வி: என் மக போலந்துல மெடிசின் படிக்கிறா. மார்ச் மாசம் ஒரு வீடியோ அனுப்பினா, வைக்கோல்ல பொம்பளை பொம்மை செஞ்சு பாவாடை எல்லாம் கட்டி, அதை கொளுத்தி ஆத்துல போடுறாங்க. பார்த்ததுலேர்ந்து மனசே சரியில்ல. இது செய்வினையா? அடுத்த வருஷம் அவளையும் கூப்பிட்டிருக்காங்களாம், அனுப்பலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: செய்வினை எல்லாம் இல்லைம்மா, தாராளமா போகச் சொல்லுங்க. அந்த பொம்மை பேரு மார்ஜான்னா, குளிருக்கும் சாவுக்கும் ஸ்லாவ் மக்கள் (போலந்துக்காரங்க மாதிரி கிழக்கு ஐரோப்பா பக்கத்து இனத்தவங்க) கொடுத்த உருவம். மார்ச் 21 வாக்குல பகலும் ராத்திரியும் கிட்டத்தட்ட சமமா வரும், அப்போ பள்ளிக்கூட பிள்ளைங்களே டீச்சரோட ஆத்தங்கரைக்கு போய் அதை விட்டுட்டு வருவாங்க. தண்ணில விழுந்த பொம்மையை தொடக்கூடாது, வீட்டுக்கு வரும்போது திரும்பி பார்க்கக்கூடாதுன்னு ஒரு பேச்சு உண்டு. திருஷ்டி சுத்தி முச்சந்தில போட்டுட்டு வர்ற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்ல. 1420ல போலந்துல போஸ்னான்கிற ஊர்ல கூடின சர்ச் சபை இதை நிறுத்தச் சொல்லி பாதிரியாருங்களுக்கு உத்தரவே போட்டுச்சு, இன்னும் நிக்கல.

எப்படி நிக்கும்? அந்த காலத்துல அங்க அறுவடை பண்ணி வச்ச தானியம் மார்ச்சுல அடி தட்டிடும், புதுசு விளைய இன்னும் மாசக்கணக்குல இருக்கு, மாடெல்லாம் கொட்டாயில மெலிஞ்சு கிடக்கும், அந்த நேரத்துல வெயில் திரும்பி வருதுன்னா அது உயிர் பிழைச்ச சந்தோஷம்மா. நம்ம மலேசியாவுல வசந்தம் கிடையாது, ஆனா பால் மரம் வெட்டின பெரியவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க, மாசி பங்குனி வாக்குல ரப்பர் மரம் இலையெல்லாம் கொட்டி மொட்டையா நிக்கும், பால் குறையும், சம்பளமும் குறையும், கடையில கடன் ஏறும், அப்புறம் செம்பு நிறத்துல தளிர் விடுறதை பார்த்தா மனசு எப்படி இருந்திருக்கும், அதே மனசுதான் அங்க ஆத்தங்கரையிலயும்.

பல்கேரியாவுல மார்ச் 1ம் தேதி சிவப்பும் வெள்ளையும் முறுக்கின நூலை கையில கட்டிக்குவாங்க, நாரையையோ பூத்த மரத்தையோ பார்த்த பிறகுதான் அவிழ்த்து கிளையில கட்டுவாங்க. அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கம் அந்த காலத்துல மே மாச ஆரம்பத்துல ரெண்டு நெருப்பு மூட்டி நடுவுல மாட்டை ஓட்டிட்டு போவாங்க, மேய்ச்சலுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நோய் நொடி அண்டக்கூடாதுன்னு. தோட்டத்து மாரியம்மன் கோயில்ல தீமிதி பார்த்து வளர்ந்த எனக்கு இதெல்லாம் அந்நியமாவே தோணல.

மகளை படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க, நானும் பார்க்கணும்.

கேள்வி: ஈஸ்டர் முட்டை, முயல் எல்லாம் பழைய வசந்த தெய்வத்தோட சின்னம்னு வாட்ஸ்அப்ல வருதே, உண்மையா?
– வாசகர், பீடோர்

பதில்: அப்படியே நம்பிடாதீங்க. ஈயோஸ்ட்ரேங்கிற தெய்வத்தை பத்தி 725ல பீட்னு ஒரு இங்கிலாந்து துறவி சின்னதா ஒரு குறிப்பு எழுதினாரு, ஒரு மாசத்துக்கு அவ பேரை வச்சிருந்தாங்கன்னு, அதுல முட்டையும் இல்ல முயலும் இல்ல. ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலம் பூரா முட்டை சாப்பிடக்கூடாதுன்னு அப்போ கட்டுப்பாடு, கோழி போட்டதெல்லாம் சேர்ந்துடும், அதைத்தான் சாயம் பூசி ஈஸ்டருக்கு கொடுத்தாங்க. முட்டை கொண்டு வர்ற முயல் ஜெர்மன் பக்கத்து வழக்கம், 1682ல எழுதின புத்தகத்துல இருக்கு.