குற்றம் சாட்டப்பட்டவருக்காக வழக்கறிஞர் எப்படி வாதாடுகிறார்?

"ஊரே குற்றவாளி என்று சொல்பவருக்காக எப்படி மனசாட்சியோடு வாதாடுகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊர் சொல்வது சாட்சியம் ஆகாது. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது. 1935இல் உல்மிங்டன் வழக்கில், அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை இதை அழுத்தமாகச் சொன்னது. விசாரணை நீதிமன்றத்தில் என் உழைப்பெல்லாம் குறுக்கு விசாரணையில்தான். "அவரைத்தான் பார்த்தேன்" என்பார் சாட்சி. எவ்வளவு தூரத்தில் நின்றீர்கள், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, அந்த முகம் முன்பே பழக்கமா என்று கேட்டால், பக்கவாட்டில் ஒரு கணம் பார்த்தது மட்டுமே மிஞ்சும். அவர் பொய் சொல்லவில்லை, நம்பியதைச் சொன்னார். அதை மட்டும் வைத்து ஒருவரைச் சிறைக்கு அனுப்புவது எனக்குப் பொறுக்காது.

நான் யாருக்காக வாதாடுகிறேனோ அந்தக் கட்சிக்காரர் என்னிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டால், பொய் சொல்ல அவரைக் கூண்டில் ஏற்ற மாட்டேன். அரசுத் தரப்பின் ஆதாரங்களைச் சோதிக்கும் கடமை அப்போதும் எனக்கு உண்டு.