ஒரே கலரில் குடும்பப் படம், ஒரே கார்டில் மொத்தக் கடன்

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறோம். கணவர் ஐ.டி.யில் இருக்கிறார். எனக்கு வேலை அனுமதி இன்னும் வரவில்லை, ஒரே சம்பளம்தான். இரண்டு பிள்ளைகள். கணவரின் அக்கா குடும்பம் பென்சில்வேனியாவில், தம்பி குடும்பம் பக்கத்து ஊரில். வருடாவருடம் அக்டோபரில் இலை நிறம் மாறும்போது மூன்று குடும்பமும் பார்க்கில் சேர்ந்து போட்டோ எடுப்போம். கலரை அக்கா சொல்வார், எல்லாருக்கும் நான் ஆன்லைனில் ஆர்டர் போடுவேன். என் கார்டில் 2% கேஷ்பேக் உண்டு. "அப்புறம் கணக்குப் பார்த்துக்கலாம்" என்பார்கள். சென்ற வருடம் 11 பேருக்குத் துணி 910 டாலர், போட்டோகிராபருக்கு 350. கொழுந்தனார் 200 அனுப்பினார். அக்கா எங்கள் மகள் பிறந்தநாளுக்குத் தங்கக் கம்மல் போட்டதால் கேட்க மனசு வரவில்லை. கார்டில் இப்போது 3,100 டாலர் பாக்கி, வட்டி 24%, லிமிட் 5,000. இந்த வருடம் மாமனார் மாமியாரும் கும்பகோணத்திலிருந்து வந்திருக்கிறார்கள். 13 பேருக்குத் துணி மட்டும் 1,100 ஆகும் போலிருக்கிறது. கடையில் வட்டியில்லாமல் நான்கு தவணை தருகிறார்கள், தவணையை என் கார்டிலிருந்தே தானாக எடுத்துக்கொள்வார்களாம். கடையின் சொந்த கார்டு எடுத்தால் முதல் பில்லில் 30% தள்ளுபடி. எது நல்லது? வசந்த காலத்தில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க இருக்கிறோம். அவசரத்துக்கு 8,000 டாலர் தனியாக இருக்கிறது. செலவு குறைய என்ன கலர், என்ன துணி எடுக்கலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: இரண்டும் வேண்டாம். 24% வட்டி எவ்வளவு மோசம் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை, அது தெரிந்துதான் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் துணி விலைதான் பிரச்சினை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே கார்டில், அதுவும் உங்கள் கார்டில் ஆர்டர் போடுகிறீர்களே, அந்தப் பழக்கம்தான் பிரச்சினை.

சென்ற வருடக் கணக்கைத் தோராயமாகப் போடுவோம். துணியும் போட்டோவும் சேர்ந்து 1,260. வந்தது 200. உங்கள் கையை விட்டுப் போனது 1,060. உங்கள் வீட்டு நான்கு பேரின் துணி ஏறக்குறைய 330, போட்டோகிராபர் கூலியில் மூன்றில் ஒரு பங்கு 117. ஆக உங்கள் பங்கு 450-க்குள்தான். மீதி 600 டாலரை நாத்தனாருக்கும் கொழுந்தனாருக்கும் நீங்கள் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறீர்கள். அதையும் கையில் இருந்த பணத்திலிருந்து கொடுக்கவில்லை. 24 சதவீதத்துக்கு வாங்கி, வட்டியில்லாமல் கொடுத்திருக்கிறீர்கள். எந்த வட்டிக்கடைக்காரரும் செய்யாத வியாபாரம் இது.

கேஷ்பேக் கிடைத்ததே என்பீர்கள். 1,260-க்கு 2% என்றால் 25 டாலர். அந்த 1,060 பத்து மாதம் கார்டில் நின்றிருந்தால் வட்டி சுமார் 200. இந்தக் கணக்கை உங்கள் கணவரிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். "பாயின்ட் வருது, நீயே போட்டுடு" என்று இனி சொல்ல மாட்டார்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கார்டில் பழைய பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு வழக்கமான வட்டியில்லாத நாட்கள் பொதுவாகக் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். "அக்டோபரில் வாங்கி, நவம்பர் பில் வந்ததும் கட்டிவிட்டால் சும்மாதானே" என்பது பாக்கி இல்லாதவர் கணக்கு. உங்களுக்கு அது பொருந்தாது.

நான்கு தவணை விவகாரமும் இதனால்தான் கெடுகிறது. 1,100-ஐ நான்காகப் பிரித்தால் 275. முதல் தவணை அன்றே, மற்றவை இரண்டு வாரத்துக்கு ஒன்று, ஆறு வாரத்தில் முடிந்துவிடும். கடைக்காரர் வட்டி வாங்க மாட்டார், உண்மைதான். ஆனால் அந்த 275 ஒவ்வொன்றும் பாக்கியுள்ள உங்கள் கார்டில் வந்து விழும், விழுந்த நாளிலிருந்து 24% ஓடும். பெயர்தான் வட்டியில்லாத் தவணை. கிளார்னா, ஆஃப்டர்பே, அஃபர்ம் என்று எந்தத் தவணை நிறுவனத்தின் பெயரில் வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது பணம் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்பதைத்தான். போதாததற்கு 13 பேருக்குத் துணி வாங்கினால் நாலைந்து உருப்படியாவது அளவு சேராமல் திரும்பும். மாமனாருக்கு எடுத்த சட்டையில் தோள் சரியாக இருக்கும், கை விரல் நுனிவரை தொங்கும். திருப்பி அனுப்பிய பெட்டி கடைக்குப் போய்ச் சேர்ந்து கணக்கில் ஏறும்வரை தவணை பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். எதற்குப் பணம் திரும்பியது, எதற்கு வரவில்லை என்று கண்டுபிடிப்பதற்குள் பொங்கல் வந்துவிடும்.

கடை கார்டு இன்னும் மோசம். 30% தள்ளுபடியில் 330 டாலர் மிச்சம் என்று ஆசை காட்டுகிறது. பல கடை கார்டுகளின் வட்டி 30 சதவீதத்தை ஒட்டியிருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம் உங்கள் வீட்டுக் கடன். இப்போது 5,000 லிமிட்டில் 3,100 எடுத்திருக்கிறீர்கள், 62%. இந்த 1,100-உம் அதே கார்டில் ஏறினால் 84%. கடை கார்டு எடுத்தாலோ புது விண்ணப்பமும் புதுக் கடனும் சேரும். எப்படியும் கிரெடிட் ஸ்கோர் இறங்கத்தான் செய்யும். ஸ்கோர் குறைந்ததால் 4 லட்சம் டாலர் வீட்டுக் கடனுக்குக் கால் சதவீதம் கூடுதல் வட்டி கேட்டார்கள் என்று வையுங்கள், முதல் வருடத்தில் மட்டும் சுமார் 1,000 டாலர் போகும். ஒரு போட்டோவுக்காக அந்த வம்பு எதற்கு?

அக்கா போட்ட கம்மலுக்கு வருகிறேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கம்மல் போட்டதோடு போன வருடக் கணக்கு தீர்ந்தது என்று அவர் மனதில் இருக்கலாம். நீங்களோ அதைச் சீர் என்று எடுத்துக்கொண்டு, துணிப் பணம் வரவில்லை என்று தனியாக மனதில் வைத்திருக்கிறீர்கள். இருவர் சொல்வதிலும் தப்பில்லை. சீரும் கடனும் ஒரே பையில் விழுந்தால் இப்படித்தான் ஆகும். பழைய 600-ஐக் கேட்காதீர்கள், விட்டுவிடுங்கள். தங்கம் விற்கிற விலையில், கம்மலை எடை போட்டால் ஒருவேளை நீங்கள்தான் கொடுக்க வேண்டிவரும்.

இனிமேல் கலரை அக்காவே சொல்லட்டும், அதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது. துணியை அவரவர் வாங்கட்டும். மாமனார் மாமியாருக்கு மட்டும் நீங்கள் எடுங்கள், அவர்கள் உங்கள் வீட்டில்தானே இருக்கிறார்கள். போட்டோகிராபர் பணத்தை மூன்றாகப் பிரித்து, நாள் குறிக்கும் முன்பே வாங்கிவிடுங்கள். இதை நீங்கள் சொல்லக் கூடாது, உங்கள் கணவர் சொல்ல வேண்டும். மருமகள் சொன்னால் அது கணக்கு, தம்பி சொன்னால் அது பேச்சு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்படிப் போட்டால் போதும்: "அக்கா, இந்தத் தடவை கலர் மட்டும் சொல்லு. டிரெஸ்ஸை அவங்கவங்க எடுத்துக்கலாம், போன வருஷம் ரிட்டர்ன் அனுப்பியே இவ சலிச்சுட்டா. அப்பா அம்மாவுக்கு நாங்க பாத்துக்கறோம். போட்டோகிராபருக்கு ஆளுக்கு மூணுல ஒரு பங்கு, இந்த வாரமே ஸெல் (Zelle) ஆப்ல அனுப்பிடுங்க." காரணமாக ரிட்டர்னைச் சொல்லுங்கள். வட்டியைச் சொன்னால் அது வேறு பேச்சில் போய் முடியும்.

துணிக்கு வருவோம். 13 பேருக்கும் 13 புதுத்துணி வேண்டும் என்று யார் சொன்னது? மாமியார் பெட்டியில் அரக்கு உடலும் கடுகு மஞ்சள் கரையுமாக ஒரு சேலை அநேகமாக இருக்கும். இல்லாவிட்டால் மயில்கழுத்து நிறத்தில் ஒன்று இருக்கும். அந்த ஒரு சேலையை நடுவில் வையுங்கள், மற்றவர்களுக்கு அதிலிருந்தே கலரைப் பிரித்துக் கொடுங்கள். ஆண்களுக்குக் கருநீல ஜீன்ஸ், எல்லா வீட்டிலும் இருப்பதுதான். மேலே சந்தன நிறத்திலோ அரக்கிலோ ஒரு சட்டை. பிள்ளைகளில் ஒருவருக்குக் கடுகு மஞ்சள் போதும். எல்லாரும் அதே மஞ்சளில் நின்றால் பின்னால் இருக்கும் மேப்பிள் மரத்தோடு கலந்து, முகம் மட்டும் மிதப்பது போலிருக்கும். இலையே ஆரஞ்சாக இருக்கும்போது நீலமும் கரும்பச்சையும்தான் எடுத்துக் காட்டும், அவை உங்கள் அலமாரியில் ஏற்கெனவே இருக்கும். மெல்லிய கோடு போட்ட சட்டை கேமராவில் அலையலையாகத் தெரியும். பளிச்சென்ற பச்சை, ரோஸ் நிறங்கள் பக்கத்தில் நிற்பவர் கன்னத்தில் சாயம் அடிக்கும். எழுத்துப் போட்ட டீ-ஷர்ட் வேண்டவே வேண்டாம். காலணிக்கு ஒரு டாலர்கூடச் செலவழிக்காதீர்கள், பாதி இலைக்குள் மறைந்துவிடும்.

செலவழித்தே ஆக வேண்டும் என்றால் மாமியாரின் ஸ்வெட்டருக்குச் செலவழியுங்கள். அக்டோபர் கடைசியில் மாலை நான்கு மணிக்கு மேல் குளிர் ஏறும். அழகான சேலை கட்டிக்கொண்டு வந்தவர், மேலே மகனின் அலுவலகத்தில் கொடுத்த நீல ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நிற்பார். படத்தில் முதலில் கண்ணில் படுவது அந்த ஜாக்கெட்டாகத்தான் இருக்கும். சேலைக்கு ஒத்த நிறத்தில் ஒரு கார்டிகன் அல்லது சால்வை, 30, 40 டாலரில் முடியும். குட்வில் போன்ற பழைய துணிக் கடைகளில் அதற்கும் பாதிக்குக் கிடைக்கும்.

இப்படிச் செய்தால் உங்கள் வீட்டுக்குச் செலவு என்ன? பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மேல்சட்டை 50, உங்கள் இருவருக்கும் தேவைப்பட்டால் 80, பெரியவர்களுக்கு 80, போட்டோவில் பங்கு 120 என்று வையுங்கள். 330 டாலர். நியூ ஜெர்சியில் பெரும்பாலான துணிகளுக்கு சேல்ஸ் டாக்ஸ் கிடையாது, அந்த வகையில் நிம்மதி. பெண் பிள்ளைகளுக்குச் சென்னையிலிருந்து ஒரே மாதிரிப் பாவாடை தைத்து கூரியரில் வரவழைக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால் ஒன்று: 800 டாலருக்குள் வரும் பார்சலுக்கு இருந்த வரி விலக்கு 2025 ஆகஸ்ட் 29-லிருந்து இல்லை. தையல் கூலி மலிவு என்று கணக்குப் போட்டால், வரி வாசலில் வந்து நிற்கும்.

இந்த வருடம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. எப்படியும் புதுத்துணி எடுப்பீர்கள். போட்டோவையும் அன்றைக்கே வைத்துக்கொண்டால் துணிச் செலவு இரண்டு தடவை வராது. மேப்பிள் உதிர்ந்திருக்கும், ஆனால் உங்கள் பக்கம் ஓக் மரங்களில் செம்பழுப்பு இலை நிறையவே இருக்கும். கடிகாரத்தை அந்த மாதம் முதல் தேதி ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். மூன்று மணிக்கெல்லாம் ஆரம்பித்துவிடுங்கள். போட்டோகிராபரிடம் 13 பேர் என்று முதலிலேயே சொல்லுங்கள். மினி செஷன் என்று விளம்பரம் செய்வது பெரும்பாலும் 20 நிமிடம், ஐந்தாறு பேருக்கு. அதற்குமேல் தலைக்கு இவ்வளவு என்று அங்கே போய் நின்றபின் சொன்னால் பேரம் பேச முடியாது. ஆல்பம், கேன்வாஸ் எதுவும் வேண்டாம், டிஜிட்டல் படங்கள் போதும்.

அந்த 3,100-ஐ என்ன செய்வது? 8,000-லிருந்து எடுத்து இந்த வாரமே அடைத்துவிடுங்கள். அவசரப் பணத்தைத் தொடக் கூடாது என்று நினைக்கிறீர்கள், புரிகிறது. கணவர் எச்-1பி விசா என்றால் வேலை போனபின் இங்கே தங்க அதிகபட்சம் 60 நாள்தான் என்ற பயமும் இருக்கும். ஆனால் மாதம் 62 டாலர் வட்டி கட்டிக்கொண்டு பக்கத்தில் பணத்தைச் சும்மா வைத்திருப்பதில் பாதுகாப்பு ஒன்றும் இல்லை. அடைத்த பிறகு கையில் 4,900 இருக்கும், கார்டும் காலியாக இருக்கும், வீட்டுக் கடன் விண்ணப்பத்துக்கும் நல்லது. கார்டுக்கு மாதாமாதம் கட்டி வந்த தொகையை அப்படியே சேமிப்பில் போட்டு வந்தால் எடுத்தது திரும்ப நிரம்பிவிடும். பாக்கியை வேறு கார்டுக்கு மாற்றும் சலுகைகள் தபாலில் வரும், 3 முதல் 5% கட்டணம் உண்டு. பணம் கையில் இருக்கும்போது அது எதற்கு?

கணவரை அந்த வாட்ஸ்அப் செய்தியை இன்றைக்கே போடச் சொல்லுங்கள். அக்கா கலரோடு கடை லிங்க்கையும் சேர்த்து அனுப்பிவிட்டால், "சரி, இந்த ஒரு தடவை" என்று நீங்களே கார்டை எடுத்துவிடுவீர்கள்.