வாசகர் கேள்வி – பதில்: கட்டம் போட்ட நிலம், வடிச்சல் வெட்டிய வயல்

சென்ற இதழின் உள்அட்டையில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள கிறீன் கவுண்டியின் வான்படம் ஒன்றைப் போட்டிருந்தோம். சதுரம் சதுரமாகக் கிடந்த அந்த வயல்களைப் பார்த்துவிட்டு படுவான்கரையிலிருந்தும் அம்பாறைப் பக்கமிருந்தும் வந்த கடிதங்களுக்கே இம்முறை பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கவுண்டி என்றால் எங்கள் மாவட்டம் மாதிரியா, பிரதேச செயலகப் பிரிவு மாதிரியா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பரப்பில் மாவட்டத்துக்குக் கிட்ட, சனத்தொகையில் பிரதேச செயலகப் பிரிவைவிடவும் சிறியது. அயோவாவில் 99 கவுண்டிகள் உள்ளன. கிறீன் கவுண்டி சுமார் 570 சதுர மைல். மட்டக்களப்பு மாவட்டத்தில் பாதிக்குச் சற்றுக் கூட. ஆனால் 2020 குடிசன மதிப்பீட்டில் அங்கே இருந்தவர்கள் 8,771 பேர்தான். 1900ஆம் ஆண்டில் 17,000க்கு மேல் இருந்தார்கள். மெஷின் பெரிதாகப் பெரிதாக ஒரு குடும்பம் பார்க்கக்கூடிய காணியும் பெருத்தது. 1980களின் கடன் நெருக்கடியில் மேலும் பல குடும்பங்கள் வயலை விட்டுப் போயின.

தலைநகர் ஜெஃபர்சன். கருத்துக் கணிப்பு என்றதும் நினைவுக்கு வரும் ஜோர்ஜ் கலப் 1901இல் பிறந்த ஊர் அது. நடுச் சதுக்கத்தில் நீதிமன்றக் கட்டடம் நிற்கிறது. காணி உறுதி பதிவதும் வரி கட்டுவதும் கவுண்டியின் அலுவலகங்களில்தான். எங்கள் அரசாங்க அதிபர் கொழும்பால் நியமிக்கப்படுகிறவர். அங்கே பதிவாளர், பொருளாளர், ஷெரிப், மேற்பார்வையாளர் சபை என எல்லாரையும் கவுண்டிச் சனமே வாக்குப் போட்டுத் தெரிவுசெய்கிறது.

கேள்வி: வரம்பு, ரோட்டு, ஊர் எல்லாமே வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் நேராக ஓடுகின்றன. எப்படி இவ்வளவு சுத்தமாக அளந்தார்கள்?
– நில அளவைத் துறை வாசகர், அக்கரைப்பற்று

நீங்கள் வேலையில் அறிந்த அதே அளவைச் சங்கிலியால்தான். 66 அடி, 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், 160 பேர்ச். எங்கள் பழைய பிளானில் இருக்கும் ஏக்கர், றூட், பேர்ச் எல்லாம் பிரித்தானியர் எமக்கு விட்டுப்போன கணக்கு. அமெரிக்கர்களும் அதே கணக்கைத்தான் வைத்திருந்தார்கள்.

1785இல் வந்த நிலச் சட்டம், குடியேற்றத்துக்கு முன்பே காணியை அளந்துவிட வேண்டும் என்றது. அதன்படி 6 மைலுக்கு 6 மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒவ்வொரு சதுர மைலாக 36 செக்‌ஷன்கள். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர், பக்கம் 80 சங்கிலி. அதை நாலாகப் பிரித்தால் 160 ஏக்கர். 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஐந்து வருடம் இருந்து பயிர் செய்தவருக்குக் கொடுத்த அளவு இதுதான். அதையும் நாலாகப் பிரித்தால் 40 ஏக்கர், பக்கம் 20 சங்கிலி. இன்றைக்கும் அங்கத்தைய விவசாயி தன் வயலை ‘நாற்பது’ என்றுதான் சொல்வார்.

இலக்கம் போட்ட விதம் பார்க்க அழகு. வடகிழக்கு மூலையில் 1 தொடங்கி மேற்கே 6 வரை போகும். 7 அதற்கு நேர் கீழே, பிறகு கிழக்கே திரும்பி 12. மாடு பூட்டி உழுகிறவர் தலைமாட்டில் திருப்பி வருவதுபோலவே வளைந்து வளைந்து தென்கிழக்கு மூலையில் 36இல் முடியும். 16ஆம் செக்‌ஷன் பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கப்பட்டது.

உறுதியில் இப்படி இருக்கும்: “தென்கிழக்குக் காலின் வடமேற்குக் கால், செக்‌ஷன் 14, டவுன்ஷிப் 83 வடக்கு, நிரை 30 மேற்கு.” கடைசியிலிருந்து முன்னுக்கு வாசிக்க வேண்டும். அளவைக்கு அடிப்படையாகப் போட்ட வடக்கு–தெற்குக் கோடான ஐந்தாம் முதன்மை நெடுங்கோட்டிலிருந்து மேற்கே 30ஆவது நிரை. ஆர்கன்சோவில் கிழக்கு–மேற்காக ஓடும் அடிக்கோட்டிலிருந்து வடக்கே 83ஆவது வரிசை. அந்த டவுன்ஷிப்பில் 14ஆம் செக்‌ஷன். அதன் தென்கிழக்கு 160 ஏக்கருக்குள் வடமேற்கு மூலையில் உள்ள 40 ஏக்கர். “கிழக்கே ஆற்றங்கரை, மேற்கே இன்னாரின் தோட்டம்” என்று எழுதத் தேவையே இல்லை. ஆறு திசை மாறினாலும் அயலவர் காணியை விற்றாலும் இந்த விவரம் மாறாது.

பிழை வந்ததா என்றும் கேட்டிருந்தீர்கள். நிறைய வந்தது. சங்கிலிக் கண்ணிகளை இணைக்கும் வளையங்கள் உரசி உரசித் தேய, சங்கிலி நீளும். ஓர் அங்குலம் நீண்ட சங்கிலியால் ஒரு மைல் அளந்தால் 80 அங்குலம், அதாவது 6 அடி 8 அங்குலம், கூடப் போகும். சரிவில் சங்கிலியை மட்டமாகப் பிடிக்காமல் நிலத்தோடு போட்டால் காணி குறையும். பூமி உருண்டை என்பதால் வடக்கே போகப் போக நெடுங்கோடுகளும் நெருங்கும். அயோவா இருக்கும் அகலாங்கில் ஒரு டவுன்ஷிப்பின் வடக்கு எல்லை தெற்கு எல்லையைவிட 40 அடிக்கு மேல் குறைவு. இந்தக் கூடுதல் குறைவையெல்லாம் டவுன்ஷிப்பின் வடக்கு வரிசையிலும் மேற்கு வரிசையிலும் உள்ள செக்‌ஷன்களிலேயே தள்ளிவிட வேண்டும் என்பது விதி. அதனால் அந்தச் செக்‌ஷன்களில் சில 640க்குச் சரியாக வராது. நெடுங்கோடுகள் நெருங்குவதைச் சரிசெய்யத் தூரத்துக்குத் தூரம் திருத்தக்கோடும் போட்டார்கள். நேராக வரும் ரோட்டு ஓரிடத்தில் காரணமில்லாமல் விலகி மறுபடி நேராகப் போனால் அது திருத்தக்கோடாக இருக்கும்.

காடுள்ள இடத்தில் மூலைக்கு அருகே நின்ற மரத்தில் அடையாளம் வெட்டினார்கள். புல்வெளியில் மரமும் இல்லை, கல்லும் இல்லை. நாலு பக்கமும் குழி தோண்டி, அந்த மண்ணை நடுவே மேடாகக் குவித்து முளை அடித்தார்கள். முளை உக்கிப்போனாலும் பின்னால் தோண்டுகிறவருக்குத் தெரியட்டும் என்று அடியில் கரித்துண்டு போட்டதும் உண்டு. செக்‌ஷன் எல்லையே பின்னர் ரோட்டானது. அகலம் வழக்கமாக 66 அடி, ஒரு சங்கிலி.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்த நிலம் வெறுமையாகக் கிடக்கவில்லை. சோக், மெஸ்க்வாக்கி என்னும் பூர்வகுடி மக்கள் 1842 உடன்படிக்கையில் மத்திய அயோவாவைக் கைவிட வைக்கப்பட்ட பிறகே சங்கிலி அங்கே வந்தது. மெஸ்க்வாக்கி மக்கள் 1857இல் டாமா கவுண்டியில் 80 ஏக்கரைக் காசு கொடுத்து வாங்கித் தங்கள் மண்ணுக்கே திரும்பினார்கள். இன்றும் அங்கே இருக்கிறார்கள். படத்தைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: அங்கே ஏக்கருக்கு 200 புசல் சோளன் என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், ஆயித்தியமலை

நல்ல வருடத்தில் 200 புசல் வரும். ஆனால் புசல் வேறு. அவர்களின் சோளன் புசல் 56 இறாத்தல், 25.4 கிலோ. எங்கள் நெல்லுப் புசல் 46 இறாத்தல், ஏறக்குறைய 20.9 கிலோ. ஆக 200 புசல் சோளன் 5,080 கிலோ. 15.5 வீத ஈரத்தில் அந்த நிறை. வெட்டும்போது ஈரம் 20 வீதத்துக்கு மேல் இருப்பதால் உலர்த்தியில் காயவைத்துத்தான் களஞ்சியத்தில் போடுவார்கள். ஈரமாய்ப் போட்டால் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும்.

கேள்வி: படத்தில் குளமும் இல்லை, வாய்க்காலும் இல்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது?
– வட்டவிதானை ஒருவர், வெல்லாவெளி

உன்னிச்சைக் குளமும் நவகிரிக் குளமும் இல்லாமல் வயலை நினைத்துப் பார்க்க எங்களால் முடியாது. அங்கே பிரச்சினை தலைகீழ். மழை வருடத்துக்கு 850 – 900 மி.மீ. அளவுதான், எமக்குப் பெய்வதில் ஏறக்குறையப் பாதி. ஆனால் பெரும்பங்கு பயிர்க் காலத்திலேயே விழுகிறது. விழுந்த தண்ணீர் போக வழியில்லை.

காரணம் பனிப்பாறை. சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் வடக்கிலிருந்து நகர்ந்த பனிப்பாறையின் ஒரு நாக்கு இன்றைய டிமொய்ன் நகரம் வரை வந்தது. உருகிப் போகும்போது களியும் சரளையும் கலந்த மண்ணைத் தட்டையாகப் பரப்பிவிட்டு, ஆயிரக்கணக்கான பள்ளங்களையும் விட்டுப்போனது. ஆறுகள் அரித்து வடிகால் உண்டாக்கக் காலம் போதவில்லை. கிறீன் கவுண்டியில் வடக்கு ரக்கூன் ஆற்றங்கரையைத் தவிர மற்ற இடமெல்லாம் சதுப்பும் ஆளுயரப் புல்லும்தான். அந்தப் புல்வேர்தான் மண்ணைக் கறுப்பாக்கியது. வார்ப்பிரும்புக் கலப்பையில் அது பசையாக ஒட்டும், பத்தடிக்கு ஒருமுறை சுரண்ட வேண்டும். 1837இல் ஜோன் டியர் இலினோயில் செய்த, மினுக்கிய உருக்குக் கலப்பைதான் அந்த மண்ணைத் தன்பாட்டில் வழுக்கிவிட்டது.

உழ முடிந்தாலும் வேர் அழுகியது. ஆகவே நிலத்துக்கு அடியில் வடிச்சல் போட்டார்கள். ஓரடி நீளச் சுட்ட களிமண் குழாய், உள்வாய் 4 அங்குலம். மூன்று நாலு அடி ஆழத்தில் ஒன்றோடொன்று முட்டவைத்து அடுக்குவது, சாந்து பூசுவதில்லை. எட்டில் ஒரு அங்குல இடைவெளியால் தண்ணீர் உள்ளே இறங்கும், மண் இறங்காது. கானை வெளிவாயிலிருந்து தொடங்கி மேல்நோக்கித்தான் வெட்ட வேண்டும், அப்போதுதான் வெட்டும்போதே தண்ணீர் வடியும். சரிவு 100 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் போதும், ஆனால் ஓரிடத்திலும் தொய்யக்கூடாது. தொய்ந்த இடத்தில் வண்டல் தங்கி முழுக் குழாயும் அடைபடும். இடைவெளி கூடினால் மேல்மண் இறங்கி வயலில் திடீரெனக் குழி விழும். வில்லோ மரம் பக்கத்தில் நின்றால் வேர் உள்ளே புகும். இப்போது போடுவது துளையிட்ட நெளிவுப் பிளாஸ்டிக் குழாய்.

ஒருவரின் வடிச்சல் மற்றவரின் காணியால்தானே போக வேண்டும்? அதற்காகவே வடிகால் மாவட்டம் என்ற அமைப்பு. பல காணிக்காரர் சேர்ந்து ஒரு பெரிய கான் வெட்டுவார்கள். பொறியியலாளர் ஒருவரும் உள்ளூர்க் காணிக்காரர் இருவரும் வயலைப் பார்த்து, அதிக நன்மை பெறும் காணிக்கு 100 என்று போட்டு மற்றவற்றை அதற்கு ஏற்றபடி குறைத்துப் போடுவார்கள். அந்தப் புள்ளிப்படி செலவு பகிரப்படும். மேட்டில் இருப்பவரும் பள்ளத்தில் இருப்பவரும் ஏக்கருக்கு ஒரே காசு கட்டுவதில்லை. எங்கள் பயிர்ச்செய்கைக் கூட்டங்களில் வடிச்சல் துப்புரவுக் காசுக்குச் சண்டை வரும்போது இந்த முறையை யோசித்துப் பார்க்கலாம்.

கெடுதலும் வந்தது. அயோவாவின் சதுப்பு நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விட்டது. மண்ணில் வடிபட நேரமில்லாமல் பசளையின் நைத்திரேற்று குழாயோடு ஆற்றுக்குப் போகிறது. ரக்கூன் ஆற்றில் குடிநீர் எடுக்கும் டிமொய்ன் நீர் நிறுவனம் அதை அகற்றத் தனி நிலையமே நடத்த வேண்டியிருக்கிறது. மேலாற்றிலுள்ள மூன்று கவுண்டிகளின் வடிகால் மாவட்டங்கள்மீது அது 2015இல் வழக்குப் போட்டு, 2017இல் வழக்குத் தள்ளுபடியானது. நைத்திரேற்று தள்ளுபடியாகவில்லை. மிசிசிப்பி வழியே மெக்சிக்கோ வளைகுடா வரை போய் அங்கே ஒட்சிசன் மிகக் குறைந்த கடற்பரப்பை உண்டாக்குகிறது.

கேள்வி: வாவியை ஒட்டிய எங்கள் வட்டையில் அந்தக் குழாயைப் போட்டால் மாரி வெள்ளம் வடியுமா?
– வாசகர், மண்டூர்

வடியாது. நிலத்தடிக் குழாய் வேலை செய்ய வெளிவாய் எப்போதும் தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும். மார்கழி, தையில் வாவி மட்டம் உங்கள் வயலுக்குச் சமமாக ஏறிவிடுகிறது. அந்த நேரம் குழாய் வழியாக வாவித் தண்ணீர் உள்ளே வரும், சில இடத்தில் உவரோடு வரும். உங்கள் பக்கத்தில் முகத்துவாரத்தை நேரத்துக்கு வெட்டுவதும், வடிச்சல் வாய்க்காலைப் புரட்டாதிக்குள் துப்புரவாக்குவதும்தான் வேலைக்காகும். அதோடு நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். சேற்று உழவால் இறுகிய அடித்தட்டைக் குழாய்க்காக வெட்டினால் சிறுபோகத்தில் தண்ணீர் நிற்காமல் ஒழுகும்.

கேள்வி: கல்லோயாத் திட்டமும் இதே அமெரிக்க மாதிரிதானே?
– ஆசிரியர், நாவிதன்வெளி

நாடு ஒன்று, மாதிரி வேறு. 1949இல் அமைத்த கல்லோயா அபிவிருத்திச் சபைக்கு முன்மாதிரி, ஆற்றுப் படுகை ஒன்றை அணைகள் கட்டி மேம்படுத்த 1933இல் அமெரிக்கா அமைத்த டெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபை. இங்கினியாகலை அணையைக் கட்டியது மொறிசன் நூட்சன் என்ற அமெரிக்க நிறுவனம். அயோவா இருக்கும் அமெரிக்க மத்திய மேற்கில் முதலில் கோடு, பிறகு தண்ணீர். கல்லோயாவில் முதலில் தண்ணீர், வாய்க்கால் போன வழியே காணி. அதனால்தான் அம்பாறையின் வான்படம் கட்டமாக இல்லாமல் மரக்கிளைபோல விரிகிறது.

கேள்வி: அவர்களைப்போல நெருக்கி நட்டால் எங்கள் சோளனும் அந்த விளைச்சல் தருமா?
– வாசகி, திருக்கோவில்

அங்கே நிரைக்கு நிரை 30 அங்குலம், விதைக்கு விதை 6 அங்குலம். ஏக்கருக்கு ஏறக்குறைய 35,000 விதை. எங்கள் விவசாயத் திணைக்களம் சொல்வது 60 சதமமீற்றருக்கு 30, ஒரு குழிக்கு ஒரு செடி. ஏக்கருக்கு 22,000 சொச்சம். அவர்களின் இனம் நெருக்கத்தைத் தாங்குவதற்கென்றே தெரிந்தெடுத்தது. கோடையில் அவர்களுக்குப் பகல் 15 மணித்தியாலம், எமக்கு மாரியில் முகில் மூடிய 12 மணித்தியாலத்துக்கும் குறைவு. நெருக்கினால் தண்டு மெலிந்து சாயும், பொத்தி சிறுக்கும், பல செடி பொத்தியே போடாது. இனப் பைக்கற்றில் எழுதியிருக்கும் இடைவெளியை மாற்ற வேண்டாம்.

எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று உண்டு, ஆழம். அவர்கள் சரியாக 2 அங்குலத்தில் விதை போடுவார்கள். ஓர் அங்குலத்தில் மேலாகப் போட்டால் தாங்குவேர் காய்ந்த மண்ணில் இறங்க முடியாமல் செடி ஆடும். ஈரச் சேற்றில் போட்டால் குழியின் பக்கச்சுவர் சட்டிபோல் இறுகி, வேர் அதற்குள்ளேயே சுற்றும். கையில் மண்ணை உருட்டிப் பாருங்கள். உருண்டை விரல் பட்டதும் உதிர்ந்தால் போடலாம், நாடாவாக நீண்டால் இரண்டு நாள் பொறுங்கள். சோளனைத் தின்னும் படைப்புழுவுக்கும் அவர்களிடம் எங்களுக்கு வைத்தியம் இல்லை. அயோவாவின் பனிக்காலம் அதைக் கொன்றுவிடும், ஒவ்வொரு வருடமும் தெற்கிலிருந்து புதிதாகப் பறந்து வர வேண்டும். 2018இல் இங்கே வந்து சேர்ந்த புழுவுக்கோ வருடம் முழுக்கச் சூடும் தீனியும் உண்டு. முளைத்த பத்தாம் நாளிலிருந்து வாரம் இருமுறை இலைகளின் இருபுறத்திலும் முட்டைக் கூட்டம் இருக்கிறதா என்று பார்த்து, கண்டதும் நசுக்குங்கள். புழு குருத்துக்குள் இறங்கி எச்சத்தால் வாயை அடைத்த பிறகு அடிக்கும் மருந்து அதில் படாது.