அந்தப் பாட்டை அவர் பாடினால் ஏன் நம்புகிறோம்?

கேள்வி: நான் பள்ளியில் இசை ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். மகளிர் தின விழாவில் பாடுவதற்காக என் மாணவியர் பத்துப் பேர், பெண் தன் சொந்தக் காலில் நிற்பதைப் பற்றிய ஒரு பாப் பாடலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். “கோடிகளில் புரளும் நட்சத்திரம் ஊருக்கு உபதேசம் செய்கிறார், பாட்டை எழுதியதுகூட அவர் இல்லை” என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். மாணவி ஒருத்தியோ, “இதையே வேறு யாராவது பாடியிருந்தால் எனக்கு இவ்வளவு தைரியம் வந்திருக்காது” என்கிறாள். கருத்து நன்றாக இருந்தால் போதாதா? பாடுகிறவர் யார் என்பது அத்தனை முக்கியமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாணவியின் பேச்சிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த வாதத்தில் உண்மைக்கு மிக அருகில் நிற்பவள் அவள்தான் என்று நினைக்கிறேன்.

‘ரெஸ்பெக்ட்’ என்ற பாடலை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 1965இல் அதை எழுதி முதலில் பாடியவர் அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெடிங். உழைத்துச் சம்பாதித்து வீடு திரும்பும் ஆண் ஒருவன், வீட்டில் தனக்குரிய மரியாதையைக் கேட்பதாக அந்தப் பாட்டு அமைந்திருந்தது. 1967 பிப்ரவரியில் அதே பாட்டைக் கறுப்பினப் பாடகி அரேத்தா ஃபிராங்க்ளின் பதிவு செய்தபோது அவருக்கு வயது 24. சிறுமியாக இருந்தபோதே டெட்ராய்ட் நகரத் தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல் அது. அதற்கு முன் சில ஆண்டுகள் வேறொரு இசைத்தட்டு நிறுவனத்தில், தன் இயல்புக்குப் பொருந்தாத பாடல்களையும் பாடிக்கொண்டிருந்த குரல். அவர் வார்த்தைகளை மாற்றினார். மரியாதை என்ற பொருள்தரும் அந்த ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொல்லும் பகுதியைப் புதிதாகச் சேர்த்தார். பின்னணியில் தன் சகோதரியர் எர்மாவையும் கரோலினையும் பாட வைத்தார். எழுத்துக் கூட்டிச் சொல்வது பாடம் புரியாத பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறை அல்லவா? பல முறை சொல்லியும் காதில் வாங்காத ஒருவனிடம் ஒரு பெண் கடைசியாக அந்த முறையைக் கையாள்வதுபோல் அந்த இடம் ஒலிக்கிறது. அதே ஆண்டு ஜூனில் அமெரிக்கப் பாடல் வரிசையில் அது முதலிடத்துக்கு வந்தது. கறுப்பின மக்களின் உரிமைக் குரலாகவும் பெண்களின் உரிமைக் குரலாகவும் ஒரே நேரத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ரெடிங்கின் பாட்டில் இல்லாத ஒன்று அதற்குள் வந்துவிட்டிருந்தது. கேட்கத் தகுதியுள்ள ஒருத்தி கேட்கிறாள் என்ற உறுதியே அது.

எழுதியவர் வேறு என்ற குறையையும் இதே அளவுகோலால் பார்க்கலாம். 1983இல் அமெரிக்கப் பாடகி சின்டி லாப்பர் பாடிப் புகழ்பெற்ற ‘கேர்ள்ஸ் ஜஸ்ட் வான்ட் டு ஹாவ் ஃபன்’ பாடலை முதலில் எழுதியவர் ராபர்ட் ஹஸார்ட் என்ற ஆண். எழுதியதும் ஆணின் பார்வையில்தான். லாப்பர் அதை அப்படியே பாட ஒப்புக்கொள்ளாமல் வரிகளை மாற்றினார். பாட்டின் காணொளியில் தன் சொந்தத் தாயையே தாயாக நடிக்கவும் வைத்தார். பேனா யாருடையது என்பதைவிட, வரி தன் வாயில் பொருந்தாதபோது பாடகி என்ன செய்தார் என்பதையே நான் பார்ப்பேன்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பணக்காரப் பெண்ணுக்கு அவமானம் நேராது என்று நினைப்பது அநியாயம். பாப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட், தன்னிடம் அத்துமீறி நடந்துகொண்ட ஒருவருக்கு எதிராக 2017இல் டென்வர் நீதிமன்றத்தில் தாமே சாட்சி சொன்னார். அவர் கேட்ட இழப்பீடு 1 டாலர்; நடுவர்கள் அவர் பக்கமே தீர்ப்பளித்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, தான் ஆணாக இருந்திருந்தால் உலகம் தன்னை எப்படி நடத்தியிருக்கும் என்று அவர் ஒரு பாட்டில் கேட்டபோது, அந்த வழக்கை அறிந்தவர்கள் அதை வெறும் வியாபார வரியாகக் கேட்டிருக்க முடியாது.

ஆனால் துன்பப்பட்டவள்தான் பாடலாம் என்று இதை யாரும் திரித்துவிடக் கூடாது. அமெரிக்கப் பாடகி லொரெட்டா லின், 15 வயதில் மணமாகி ஆறு பிள்ளைகளைப் பெற்றவர். கருத்தடை மாத்திரை தந்த விடுதலையைப் பற்றி அவர் பாடிய பாட்டு 1975இல் வெளிவந்தபோது பல வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. அவர் குரலுக்கு எடை சேர்த்தது துன்பம் மட்டும் அல்ல. தன் ரசிகர்களில் ஒரு பகுதியினர் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தும் அவர் அதைப் பாடினார். நட்சத்திரம் அப்பழுக்கற்றவராக இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. பாட்டு கேட்கும் விஷயத்துக்காக அவர் எப்போதாவது எதையாவது இழக்கத் துணிந்தாரா என்று மட்டும் பார்க்கிறேன். எதையும் இழக்கத் துணியாதவர் பாடும்போது அது விளம்பரப் பாட்டாகவே என் காதில் விழுகிறது. அந்த அளவுக்கு உங்கள் சக ஆசிரியரின் சந்தேகத்தில் நியாயம் உண்டு.

‘கருத்து போதாதா’ என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக உளவியலாளர்கள் கார்ல் ஹோவ்லாண்டும் வால்டர் வைஸும் 1951இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே உதவும். ஒரே கட்டுரையைச் சிலரிடம் நம்பத்தக்கவர் எழுதியதாகவும், வேறு சிலரிடம் நம்பத்தகாதவர் எழுதியதாகவும் சொல்லிக் கொடுத்தார்கள். படித்தவுடன் முதல் வகையினரின் மனமே அதிகம் மாறியிருந்தது. நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு மறைந்துபோயிருந்தது: சொன்னவர் நினைவிலிருந்து விலக, சொன்ன விஷயம் மட்டும் தங்கியிருந்தது. கட்டுரைக்கு இது பொருந்தும். பாட்டில் அப்படி விலக வழியில்லை என்பது என் எண்ணம், ஏனென்றால் வரி நினைவுக்கு வரும்போதெல்லாம் பாடியவரின் குரலும் மூச்சும் சேர்ந்தே வருகின்றன. உங்கள் மாணவிக்குத் தைரியம் தந்தது அந்தச் சேர்க்கைதான்.

பாட்டை மாற்றாதீர்கள். ஆனால் விழா மேடையில் நிற்கப்போவது அந்த நட்சத்திரம் அல்ல, உங்கள் பத்து மாணவியர். அவருடைய உச்சரிப்பையும் அங்க அசைவையும் நகலெடுத்தால் அவர் சம்பாதித்த நம்பிக்கையைக் கடன் வாங்கியதாகத்தான் இருக்கும். ஒத்திகையில் ஒருநாள் பாட்டை நிறுத்திவிட்டு, எந்த வரியை மனதார நம்புகிறாய் என்று ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியே கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். சிலருக்கு அது வீட்டுக்குள் இருக்கும் விஷயமாக இருக்கலாம். அவரவர் சொன்ன வரியை அவரவரே தனியாகப் பாடட்டும், எவரும் தேர்ந்தெடுக்காத வரிகளை எல்லோரும் சேர்ந்து பாடட்டும். அந்த ஒத்திகைக்கு உங்கள் சக ஆசிரியரையும் அழையுங்கள். தைரியம் வந்தது என்று சொன்ன அந்த மாணவி எந்த வரியைக் கேட்டு வாங்கினாள் என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.