ஊட்டியில் பூங்கா, படகு எதுவும் இல்லாமல், கோயிலும் கடைவீதியுமாக இரண்டு நாள் போக்க முடியுமா? கூட வயதான அம்மா வருகிறார்.

முடியும். போன வருஷம் சித்திரை பிறந்த கையோடு நானும் அம்மாவும் கரூரிலிருந்து போய் அப்படித்தான் இருந்துவிட்டு வந்தோம். திட்டம் போட்டெல்லாம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ கேட்டதற்கு, “இன்னிக்கு மாரியம்மன் தேருங்க, பஜாருக்குள்ள வண்டி போகாது” என்று சொல்லிவிட்டார்கள். முன்பணம் கட்டியிருந்த லாட்ஜில் ரூம் காலியாகவில்லை, மூன்று மணிக்கு வாருங்கள் என்றார்கள். பையை அங்கேயே போட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் தேர் பார்க்கப் போனோம்.

வெளியூர்க்காரர்கள் நாம் சேரிங்கிராஸ், தாவரவியல் பூங்கா, படகு இல்லம் என்று மூன்றே இடத்தைச் சுற்றிவிட்டு ஊட்டி பார்த்தாயிற்று என்கிறோம். ஊட்டிக்காரர்களைப் பார்க்க வேண்டுமென்றால் மார்க்கெட் பக்கம் போக வேண்டும். லோயர் பஜார், மெயின் பஜார், மணிக்கூண்டு, ஐந்துலாந்தர், அப்பர் பஜார் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி, ஏற்றமும் இறக்கமுமாகக் கிடக்கும். மாரியம்மன் கோயிலும் அங்கேதான், மார்க்கெட்டை ஒட்டியே.

அந்தக் கோயிலில் ஒரு விசேஷம். மாரியும் காளியும் ஒரே கருவறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். காட்டேரியம்மனுக்குத் தனிச் சன்னதி. செவ்வாய்க்கிழமை சந்தை கூடிய காலத்தில் இரண்டு பெண்கள் வந்து தங்க இடம் கேட்டார்களாம். சந்தைக்காரர்கள் ஒரு மரத்தடியைக் காட்டினார்களாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருவரும் மறைந்துவிட்டார்கள் என்பது கோயில் கதை. அம்மாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. “இடம் கேட்டு வந்தவதான, அதான் இடம் கேட்டு வர்றவங்களை எல்லாம் வெச்சுக்கறா” என்றார். யோசித்தால் ஊட்டி பஜாரே அப்படித்தான். கீழே சமவெளியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மைசூர்ப் பக்கத்திலிருந்தும் பிழைக்க ஏறி வந்தவர்கள் சேர்ந்து உண்டாக்கிய கடைவீதி அது. திருவிழா நாட்களில் ஒவ்வொரு நாளும் ஒரு சமூகத்தாரின் உபயம். மலையாளிகள் உபயம் என்றால் செண்டை மேளம். நீலகிரி மலைக்காரர்களான படுகர் உபயத்தன்று அம்மனுக்கு ஹெத்தையம்மன் அலங்காரம். உள்ளூர்த் தெய்வத்தின் கோலத்தில் மாரியம்மன்!

சரி, தேருக்கு வருகிறேன். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் கிளம்பியது. அதற்குள் ரோட்டோரம் பெண்கள் சின்னச் சின்னக் கவர்களில் கல்லுப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சமையலுக்கு யார் இங்கே வந்து உப்பு வாங்குவார்கள் என்று நான் விழித்துக்கொண்டிருக்க, ஒரு பாட்டி என் கையைப் பிடித்து ஒரு கவரைத் திணித்தார்.

“தம்பி, தேர் மேல வீசணும். உப்புக் கரையற மாதிரி சீக்கெல்லாம் கரைஞ்சுரும்.”

“இது எவ்வளவுங்க பாட்டி?”

“இருபது ரூவா. அம்மாக்கும் ஒண்ணு வாங்கிக்க. அவங்களுக்குத்தான முட்டி வலி.”

முட்டி வலி என்று நாங்கள் சொல்லவே இல்லை. நடையைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்.

தேர் வளைவில் திரும்பியதும் நாலா பக்கமும் உப்பு பறந்தது. மாடியிலிருந்து வீசுகிறார்கள், தோளில் உட்கார்ந்த குழந்தை வீசுகிறது. தேர்த்துணியில் பட்டு உதிர்கிற சத்தம், தகர ஓட்டில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி. பாதி உப்பு தேருக்குப் போகவில்லை, முன்னால் நிற்கிறவர் தலைக்குத்தான் போகிறது. எனக்குச் சட்டைக் காலருக்குள் இறங்கி முதுகு முழுக்க நறநறவென்று இருந்தது. தேர் போன பிறகு ரோட்டில் நடந்தால் செருப்புக்கு அடியில் உப்பு நொறுங்குகிறது. அம்மா முதல் பிடியை வீசினார், அது எட்டவில்லை. இரண்டாம் பிடியை எனக்கு முன்னால் நின்ற போலீஸ்காரர் தொப்பி மேல் போட்டார். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, தலையைத் தட்டிக்கொண்டு மறுபடி கூட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அன்று அவருக்கு அது ஐந்நூறாவது பிடியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை நகராட்சி மார்க்கெட். இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இங்கிலீஷ் காய்கறி என்று அங்கே சொல்கிற கேரட், பீட்ரூட், நூல்கோல், டர்னிப் எல்லாம் மண் போகக் கழுவி அடுக்கி வைத்திருப்பார்கள். கேரட்டை உடைத்து ‘சாப்பிட்டுப் பாருங்க’ என்று நீட்டுகிறார்கள். கரூரில் வாங்குவதும் இதே மலையிலிருந்து இறங்குவதுதான், ஆனால் இறங்குவதற்குள் அந்த இனிப்பு எங்கேயோ போய்விடுகிறது. வர்க்கி என்கிற மொறுமொறு பிஸ்கட்டையும் மார்க்கெட் பக்கத்து பேக்கரியில், சூடாகப் போடும்போது வாங்குங்கள். கமர்சியல் ரோட்டில் பார்க்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை: சாக்லேட், தைலம், ஸ்வெட்டர், மறுபடி சாக்லேட். ஞாயிறு மாலை என்றால் அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம்.

அப்புறம் செயின்ட் ஸ்டீபன் சர்ச். மைசூர் போகிற ரோட்டில் மேட்டில் இருக்கிறது, ஆட்டோவில் போங்கள். சென்னை மாகாண கவர்னர் லஷிங்டன் 1829 ஏப்ரலில் அடிக்கல் நாட்டி, 1831 ஈஸ்டர் அன்று திறந்தது. கண்ணாடி ஓவியங்களைத்தான் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். நீங்கள் அண்ணாந்து பாருங்கள். மேலே இருக்கிற உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் அரண்மனையைப் பிரித்து எடுத்து வந்தவை. ஊட்டிக்கு ரயில் வந்ததே 1908-இல்தான். அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னால் அத்தனை பெரிய மரத்தை இந்த மலை மேல் ஏற்றியிருக்கிறார்கள். எத்தனை மாடு, எத்தனை தோள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நான் நின்றேன். அம்மா கேட்டது வேறு: “இத்தனை வருஷத்துல கரையான் அரிக்கலையா?”

பின்பக்கம் சரிவில் பழைய கல்லறைகள். கோயமுத்தூர் கலெக்டராக இருந்து ஊட்டியை உண்டாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். ஊரைக் கட்டியவர் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார், அவர்கள் இருவரும் திரும்பவில்லை. படிகள் பாசி பிடித்து வழுக்கும். அம்மாவை உள்ளே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் போய் வந்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

காந்தல் குருசடி என்கிற சிலுவைக் கோயிலுக்கு மாலையில் போனோம். இயேசுவைச் சிலுவையில் அறைந்த மரத்தின் ஒரு சிறு துண்டு அங்கே இருப்பதாக நம்பிக்கை. நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஒரு அம்மா எங்களுக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். என் அம்மாவும் ஒன்று வாங்கி ஏற்றினார், யாரும் எதுவும் கேட்கவில்லை.

எல்க்ஹில் முருகன் கோயிலுக்குப் போகவில்லை. மலேசியா பத்துமலையில் இருப்பது மாதிரி, 40 அடியில் முருகன் சிலை உண்டு. ஆனால் ஏற வேண்டும், முட்டி வலி உள்ளவர்களுக்கு ஆகாது. பூங்கா வேண்டாம் என்றீர்கள். ஒருவேளை மனசு மாறிப் போனால், அதற்கு மேலே தோடர் மந்து, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு, இருக்கிறது. அரைப் பீப்பாயைக் கவிழ்த்த மாதிரிக் கூரையோடு சின்னக் கோயில். குனிந்து, தவழ்ந்துதான் நுழைய முடிகிற வாசல். நமக்கு உள்ளே அனுமதி கிடையாது, வெளியே நின்றே பார்க்க வேண்டும். போட்டோ எடுக்கும்முன் அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அது அவர்கள் வீட்டு வாசல்.

சொந்த வண்டியில் போனால் ஆன்லைனில் இ-பாஸ் என்கிற அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து இந்த ஏற்பாடு. அரசு பஸ்ஸில் போனால் அந்த வேலை இல்லை. சீசனில் வண்டிகளைக் குன்னூர் வழியாக மேலே விட்டு, கோத்தகிரி வழியாக இறக்குவார்கள், வழி மாறுகிறதே என்று பயப்பட வேண்டாம். அம்மாவுக்குத் தலைசுற்றல் உண்டென்றால் பஸ்ஸில் முன் சீட்டாகப் பிடியுங்கள். தேரன்று போவதாக இருந்தால் தலைக்கு ஒரு துண்டு, காலர் மூடிய சட்டை. உப்பு உடம்பில் ஒட்டினால் ஊட்டிக் குளிரில் குளித்துத்தான் போக்க வேண்டும். எங்கள் லாட்ஜில் வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான்.