மழை பெய்தால் குழாய்த் தண்ணீர் கலங்குகிறதா?

கேள்வி: மேல்மலை ஊற்றிலிருந்து குழாய் போட்டு, தாங்கியில் நிரப்பி, எங்கள் இரண்டு லயங்களுக்கும் குடிக்க எடுக்கிறோம். மழை பெய்தால் செம்மண்ணாக வருகிறது. பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றோட்டம். ஊற்றுக்கு மேலே ஒருவர் மரக்கறி போட்டிருக்கிறார். தாங்கியில் வடிகட்டி வைத்தால் போதுமா? – பொகவந்தலாவைப் பக்கத் தோட்ட வாசகர்

போதாது. வடிகட்டிக்குக் காசு சேர்க்குமுன் நாலு பேராக மேலே ஏறி ஊற்றைப் பாருங்கள், மழை விட்ட கையோடு போனால் இன்னும் நல்லது. நிலத்துக்குள் ஊறி வடிந்து வரும் நீர் ஒரு மழைக்கு உடனே கலங்குவது குறைவு. கலங்கினால், மேலே ஓடும் மழைநீர் எங்கோ நேராக உள்ளே இறங்குகிறது என்று பொருள். மண் நுழையும் வழியில் மலமும் கோழி எருவும் நுழையும்.

பல தோட்டங்களில் ஊற்றுத் தொட்டி என்பது தகரத்தை வைத்து மேலே கல்லேற்றிய குழிதான். ஓரத்தில் நண்டு வளை இருக்கும், உள்ளே அழுகிய இலை கிடக்கும். அதற்குக் கீழே எவ்வளவு நல்ல தாங்கி கட்டியும் என்ன பயன்?

நீர் கசியும் கண் தெரியும்வரை மண்ணை விலக்குங்கள். அங்கே கழுவிய கருங்கல் அடுக்கி, மேலே களிமண்ணை இறுக்கி மூடி, முன்னால் கொங்கிரீட் தொட்டி கட்டுங்கள். பூட்டுப் போடும் மூடியின் விளிம்பு தரையை விட உயர்ந்திருக்க வேண்டும். மிகைநீர்க் குழாயை ஊற்றுக் கண்ணைவிடத் தாழ்வாக வையுங்கள். பலர் கோட்டை விடுவது இதில்தான். உயரமாக வைத்தால் தொட்டி நீர் பின்னால் அழுத்தி, ஊற்று வேறு பக்கம் வழி தேடிக்கொள்ளும். குழாய் வாய்க்கு வலை, அடியில் கழுவிவிட ஒரு குழாய், அவ்வளவுதான். பிறகு ஊற்றுக்கு மேலே 8 மீட்டர் தள்ளிப் பிறை வடிவில் கான் வெட்டி மழைநீரைத் திருப்பி, மாடு வராமல் வேலி போடுங்கள். கக்கூஸ் குழி 30 மீட்டருக்குள் இருக்கக்கூடாது, மேட்டுப் பக்கம் எவ்வளவு தள்ளியும் வேண்டாம். கிட்டத்தில் யூகலிப்டஸ் நடாதீர்கள். நீரை நிறைய இழுக்கும்.

மரக்கறிக்காரர் விஷயம் கொஞ்சம் சிக்கல். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் உரத்திலிருந்து வரும் நைட்ரேட் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். பால்மாவில் வளரும் கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. அவர் அநேகமாக உங்கள் சொந்தக்காரராகத்தான் இருப்பார், சண்டைக்குப் போகாதீர்கள். கானுக்கு மேலே அகலமாக ஒரு பட்டி நிலத்தைப் புல்லுக்கு விடச் சொல்லுங்கள், பூச்சிமருந்து கலக்குவதையும் தெளிப்பான் கழுவுவதையும் வேறிடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். நிலம் தோட்டக் கம்பனி வசம் இருந்தால் தோட்டத் துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி ஊற்றிலும் லயத்துக் குழாயிலும் தனித்தனி மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். 100 மில்லிலீட்டரில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலைக் கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஊற்றில் இல்லாமல் குழாயில் இருந்தால் கோளாறு வழியில். முடிவு வரும்வரை கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

மழையே இல்லாமல் ஊற்று கலங்கினாலோ, திடீரெனப் பெருகினாலோ, வற்றினாலோ அது மண்சரிவுக்கு முன்னறிகுறியாக இருக்கலாம். தண்ணீர்ப் பிரச்சினையைப் பிறகு பார்க்கலாம், லயத்தில் எல்லோரையும் வெளியேற்றிக்கொண்டு கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் உடனே சொல்லுங்கள்.