பளிங்குக்குள் மாட்டிய பாறைக்குழம்பு: கேளுங்கள், சொல்கிறேன்

பேராதனையில் புவிச்சரிதவியல் படித்தவன். ஹட்டனில் விடாத மழை, வெளியே போக வழியில்லை. எரிமலைக் குழம்பில் வளரும் பளிங்குகளை (படிகங்களை), அவற்றுக்குள் மாட்டிக்கொண்ட குழம்புத் துளிகளைப் பற்றிக் கேளுங்கள்.

தலவாக்கலை, உயர்தர மாணவி: பளிங்குக்குள் மாட்டிய துளியில் அப்படி என்ன தெரியும், அண்ணா?

ஒலிவின் என்ற வெளிர்பச்சைக் கனிமத்தின் பளிங்கு குழம்பில் வளரும்போது அதன் முகத்தில் ஒரு பள்ளம் விழுந்தால், சுற்றியுள்ள குழம்பு அதில் தங்கும். மேலே பளிங்கு வளர்ந்து மூடிக்கொள்ளும். பெரும்பாலும் 0.1 மில்லிமீற்றருக்கும் சிறியது. எரிமலை கக்கியதும் சட்டென்று ஆறினால் கண்ணாடியாகிவிடும். மெருகேற்றி நுணுக்குக்காட்டியில் வைத்தால், வெளிர்பச்சைக்கு நடுவே தேன் நிறத்தில் ஒரு மணி, அதற்குள் கறுப்பு விளிம்போடு ஒரு குமிழ்.

வெளியே இருக்கும் குழம்பு மேலே ஏற ஏற நீரையும் காபனீரொட்சைட்டையும் கந்தகத்தையும் வாயுவாக விட்டுவிடும். மாட்டியதற்கு அந்த வழி இல்லை. அழுத்தம் கூடினால்தான் இவை அதிகம் கரையும் என்பதால், கரைந்திருக்கும் அளவை வைத்து எந்த ஆழத்தில் மூடியது என்று கணக்குப் போடலாம். ஆனால் குமிழையும் சேர்த்து அளக்க வேண்டும். காபனீரொட்சைட்டில் பாதிக்கு மேல் அங்கே போய் உட்கார்ந்திருக்கலாம்.

நல்லதண்ணி: சிவனொளிபாதமலை கூம்பாக இருக்கிறதே, பழைய எரிமலையா?

இல்லை. உருமாறிய பாறை, அரிப்பில் வந்த வடிவம்.

பண்டாரவளை, விஞ்ஞான ஆசிரியை: வழி இல்லை என்கிறீர்கள். அப்படியானால் அது மூடி இறுக்கிய போத்தல்தானே?

அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், டீச்சர். காபனீரொட்சைட்டுக்குத்தான் வழி இல்லை. நீரில் உள்ள ஐதரசன் ஒலிவினுக்குள்ளேயே ஊர்ந்து போய்விடும். அந்தச் சூட்டில் சில மணி நேரமோ சில நாளோ போதும். அதனால்தான் தடித்த லாவாவின் நடுவிலிருந்து எடுத்த பளிங்கை நம்பமாட்டேன். காற்றில் பறந்து ஆறிய சின்னக் கல் வேண்டும்.

அவரே: அப்படியென்றால் அளந்த நீரெல்லாம் பொய்யா?

விடமாட்டீர்கள் போல. ஒரு புவித்தட்டு இன்னொன்றின் கீழ் அமிழும் இடங்களின் எரிமலைகளில், சராசரி 4 சதவீதத்தை ஒட்டியே நீர் வருகிறது. அது ஆழத்திலிருந்து வந்த அளவா, இடையில் தங்கிய இடத்தில் சரிக்கட்டிக்கொண்ட அளவா என்று பெரிய சண்டையே நடக்கிறது. எனக்கு இரண்டாவதில்தான் சாய்வு. கசிவும் வீண் இல்லை: எவ்வளவு கசிந்தது என்று பார்த்தால் குழம்பு எவ்வளவு வேகமாக ஏறியது என்று தெரியும்.

நுவரெலியா: கந்தகம்?

1991இல் பிலிப்பைன்ஸின் பினற்றுபோ எரிமலை வெடிப்பில் 15 முதல் 20 மில்லியன் தொன் கந்தகவீரொட்சைட்டு போனதைச் செயற்கைக்கோள் கண்டது. மாட்டிய துளிகளில் இருந்த கந்தகம் அதற்குக் கிட்டவும் வரவில்லை. வெடிக்கும் முன்பே வாயு தனியாகப் பிரிந்து தேங்கியிருந்தது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம்.

வெலிமடை: கன்னியா வெந்நீரூற்றுக்கு அடியில் எரிமலையா?

இல்லை. இலங்கையில் உயிருள்ள எரிமலையே இல்லை. இதோடு எரிமலைத் தேடலை விடுங்கள்.

இரத்தினபுரி: நீலக்கல்லுக்குள் பட்டு நூல் மாதிரித் தெரிவதும் இதுதானா?

இல்லை, அது ரூட்டைல் என்ற கனிமத்தின் ஊசி. கல்லைச் சூடு காட்டினால் அது கரைவது உங்களுக்கே தெரியும். நாங்களும் ஒலிவினைச் சூடாக்கிக் குமிழைக் கண்ணாடிக்குள் கரைக்கப் பார்ப்போம். சூடு கூடினால் துளி வெடித்துவிடும். நீலக்கல்லின் விலையை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

மஸ்கெலியா: நம் மலையில் பார்க்க ஒன்றுமே இல்லையா?

கேரளத்தில் கொண்டலைற்று என்ற உருமாறிய பாறைகளின் கார்னெட் கனிமத்துக்குள் உருகிய பாறைத் துளிகள் இருப்பதாக 2009இல் எழுதினார்கள். எரிமலை இல்லை, ஆழத்தில் பாறையே கொஞ்சம் உருகியது. இந்தியாவும் தென் கண்டங்களும் ஒட்டியிருந்த கொண்டுவானாக் காலத்தில் நம் மலைப்பாறைகள் அவற்றுக்கு அக்கம்பக்கம். றோட்டு வெட்டில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் அது கார்னெட்டாக இருக்கலாம். கையில் வைத்துப் பார்த்தால் துளி தெரியாது, சில மைக்ரோமீற்றர்தான். குமிழ் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். அவை பெரும்பாலும் பளிங்காகிவிட்டன.